முதல் கெமிஸ்ட்ரி தேர்வில் 48

நாலாக மடித்த விடைத்தாளை அந்தப் பெண் மேசையில் என் பக்கம் தள்ளினாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, முதல் தேர்வு, நூற்றுக்கு 48. "டாக்டர் படிப்பெல்லாம் வேண்டாம், வேறு ஏதாவது பார் என்று கல்லூரி ஆலோசகர் சொல்லிவிட்டார்" என்றாள். குரல் உடையவில்லை. ஏற்கெனவே அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

அட்லாண்டாவில் மருத்துவராக இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில், மருத்துவம் படிக்க ஆசைப்படும் கருப்பின மாணவர்களோடு நூலகத்தில் உட்காருகிறேன். நான் படித்த காலத்தில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண், கவுன்சிலிங், சீட் என்று மூன்றே படி. இங்கே முதலில் நாலு வருட இளங்கலை, நடுவில் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, பிறகு மருத்துவக் கல்லூரியில் நாலு வருடம், அதற்கு மேல் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி மூன்றிலிருந்து ஏழு வருடம். இவ்வளவு நீண்ட பாதையில் பிள்ளைகள் கழன்றுகொள்ளும் இடங்கள் நிறைய. முதல் இடம் பெரும்பாலும் இந்த கெமிஸ்ட்ரி வகுப்புதான்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு, எங்கள் வீட்டில் எனக்குச் சொன்னதையே இவர்களுக்கும் சொன்னது: இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து படி. அந்தப் பெண் சாயங்காலம் கடையில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டுதான் இருந்தாள். குறை உழைப்பில் இல்லை. விடைத்தாளை விரித்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தோம். வினை எப்படி நடக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் கேள்விகளில்தான் மதிப்பெண் போயிருந்தது. எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து அம்பு கிளம்ப வேண்டும். அவள் எல்லாவற்றையும் ஹைட்ரஜன் அயனியிலிருந்து கிளப்பியிருந்தாள். வினைகளை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறாள், யாரும் திருத்தவில்லை. ஒரே ஒரு பழக்கம், ஏறக்குறைய முப்பது மதிப்பெண்!

"பேராசிரியரின் ஆபீஸ் நேரத்தில் போய்க் கேட்டாயா?" என்றேன். மாணவர்கள் சந்தேகம் கேட்கப் பேராசிரியர் ஒதுக்கி வைக்கும் நேரம் அது. "அது ஃபெயில் ஆகிறவர்கள் போகிற இடம் இல்லையா?" என்றாள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் இதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழும். இவர்கள் வீட்டில் ஏன் டாக்டர் இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910-ல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அன்றிருந்த ஏழு கருப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் தப்பின. தாத்தா தலைமுறையில் வர வேண்டிய டாக்டர்கள் வரவே இல்லை. இன்று அமெரிக்க மக்கள்தொகையில் கருப்பினத்தவர் சுமார் 13 சதவீதம், மருத்துவர்களில் ஏறத்தாழ 6 சதவீதம். 1978-ல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த கருப்பின ஆண்கள் 542 பேர். 2014-ல் 515 பேர். முப்பத்தாறு வருடம் கழித்தும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, வழிகாட்ட நினைப்பவர்கள் எதைச் சொல்லித் தர வேண்டும்? ஆபீஸ் நேரத்துக்கு முதல் வாரமே போகச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் பிறகு அங்கிருந்துதான் வரும். பெயர் தெரியாத மாணவருக்கு எந்தப் பேராசிரியரும் நல்ல கடிதம் எழுத முடியாது. ஒரு வகுப்பு கையை மீறிப் போனால், கடைசித் தேதிக்குள் விலகினால் 'டபிள்யூ' என்று மட்டும் பதிவாகும், மதிப்பெண் சராசரியைத் தொடாது. ஃபெயிலானால் திரும்ப எழுதித் தேறினாலும், எம்.டி. (இங்கே அதுதான் முதல் மருத்துவப் பட்டம்) விண்ணப்பத்தில் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் வரும்.

எம்கேட்டை 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்' என்று யாரையும் அனுப்பாதீர்கள். இடைவேளையோடு ஏழரை மணி நேரத் தேர்வு. மதிப்பெண் 472-லிருந்து 528 வரை, நடுப்புள்ளி 500. அன்றே வேண்டாம் என்று ரத்து செய்யாவிட்டால், அந்த மதிப்பெண் கல்லூரிகளின் கண்ணில் படும். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே கட்டண உதவி தருகிறது. ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அதை வாங்கியிருக்க வேண்டும், கட்டிய பணம் திரும்பாது. ஒரு பையன் கடன் வாங்கிக் கட்டிவிட்டு என்னிடம் வந்தான். இரண்டு மாதம் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஒருமுறை நாலு பிள்ளைகளை அறுவை அரங்கு பார்க்கக் கூட்டிப் போனேன். வாசலில் இருந்த தொப்பி, நீளப் பின்னல் போட்ட இரண்டு பெண்களுக்கும் தலையில் ஏறவில்லை. ஒருத்தி பின்னலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே, "நான் வெளியே நிற்கிறேன் டாக்டர்" என்றாள். இரண்டு தொப்பியைச் சேர்த்துக் கட்டி உள்ளே கூட்டிப் போனோம். அன்றிலிருந்து என் பையில் பெரிய துணித் தொப்பி நாலு எப்போதும் இருக்கும்.

48 வாங்கிய பெண் விலகவில்லை. வாரம் இரண்டு முறை பேராசிரியரிடம் போனாள், பருவ முடிவில் 'பி' வாங்கினாள். வரும் மே மாதம் விண்ணப்பம் திறக்கிறது. அவளுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று முதலில் சொன்னவர் அந்த கெமிஸ்ட்ரி பேராசிரியர்தான்.