அணில் இருக்கட்டும், 'அ'வுக்குக் கலர் அடிக்க விடுங்கள்

எல்கேஜி பிள்ளைகளுக்கான கலரிங் புத்தகங்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பக்கம் முழுக்க ஓர் அணில், மேல் மூலையில் சின்னதாக ஓர் 'அ'. குழந்தை அணிலின் வால் நுனி வரைக்கும் ஆசையாகக் கலர் அடிக்கும், அந்த மூலையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்புறம் 'அ'வைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் "அணில்" என்கிறது. அதில் குழந்தையின் தப்பு எதுவும் இல்லை, இவ்வளவு நேரமும் அது பார்த்தது அணிலைத்தானே. க்ரேயான் போகிற இடத்துக்குத்தான் கண்ணும் போகும். எழுத்து பழக வேண்டுமென்றால் கலர் எழுத்துக்குள்ளே போக வேண்டும்.

என் மகளுக்கும், சாயங்காலம் அவளோடு விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பழக்குகிறேன். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வேர்டில் எழுத்தின் அளவை 400 என்று வைத்து, உள்ளே வெள்ளை, ஓரம் மட்டும் கறுப்பு என்று மாற்றி ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். பிரிண்டர் இல்லாவிட்டால் ஸ்கெட்ச் பேனாவால் கையாலேயே தடிமனாக வரையலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி நேரான எழுத்துரு போதும், அலங்கார எழுத்து வேண்டவே வேண்டாம். க்ரேயானைப் பாதியாக ஒடித்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். நாளைக்குப் பென்சில் பிடிக்க அந்தப் பிடிதான் உதவும்.

எந்த எழுத்தில் தொடங்குவது? 'அ'வில் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிற்கிற கோடு எல்லாம் ஒன்றாக வந்துவிடுகின்றன. அரிச்சுவடி வரிசை வாயால் சொல்ல நல்லது, தினமும் சொல்லட்டும். கண்ணுக்கும் கைக்கும் நான் 'ட'வைத்தான் முதலில் கொடுப்பேன். ஒரு நேர்க்கோடு, ஒரு படுக்கைக் கோடு, அவ்வளவுதான். அதை நீலத்தில் நிரப்பச் சொல்வேன். அடுத்து 'ப'. அதற்குள் இருக்கும் 'ட'வை அதே நீலத்தில் அடித்துவிட்டு, வலப்பக்கம் ஏறும் கோட்டுக்கு மட்டும் சிவப்பு. அந்த வலக்கோடு மேலே போய் வளைந்து உள்ளே இறங்கினால் 'ம'. இந்தச் சிவப்புப் பகுதிதான் 'ட'வையும் 'ப'வையும் 'ம'வையும் பிரிக்கிறது என்பதை நாம் விளக்கவே வேண்டாம், கலரே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றும் தெரிந்தால், 'ம'வுக்கு மேலே ஒரு புள்ளி வைத்ததும் 'படம்' என்று ஒரு சொல்லும் வந்துவிடுகிறது, பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். எ-ஏ, ஒ-ஓ குழப்பத்துக்கும் இதே வழிதான். 'ஏ'யின் அடியில் சாய்ந்து இறங்கும் கோட்டுக்கும் 'ஓ'வின் அடிச் சுழிக்கும் மட்டும் வேறு கலர்.

படத்தை நம்பிச் சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்' என்று சொல்வது போல நம் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதலெழுத்துச் சொல் கிடைக்காது. ண, ள, ழ, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்குவதே இல்லை. அதனால் 'ழ'வுக்குப் பக்கத்தில் பழத்தின் படத்தைப் போட்டால் குழந்தை 'ப'வைத்தான் பிடித்துக்கொள்ளும். 'பழம்' என்ற சொல்லையே பெரிதாக வெற்றுக்கோட்டில் கொடுத்து, 'ழ'வுக்கு மட்டும் மஞ்சள் அடிக்கச் சொல்லுங்கள். குளத்தில் 'ள', பறவையில் 'ற', வானத்தில் 'ன' என்று இப்படியே போகலாம். அடிக்கும்போது அந்த ஒலியை நாமும் கூடவே சொல்ல வேண்டும். நாம் ழகரத்தை ளகரமாகச் சொன்னால் பிள்ளைக்கும் அதேதான் வரும், அதனால் நாக்கை மடித்துச் சரியாகச் சொல்லுங்கள்.

மெய்யெழுத்துக்கு வந்தால் புள்ளிக்கு எப்போதும் ஒரே கலர் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் சிவப்பு. உயிர்மெய்யிலும் அப்படித்தான், கா, பா, மா எல்லாவற்றிலும் கால் பச்சை, கெ, பெ, மெ எல்லாவற்றிலும் கொம்பு ஊதா. 216 உயிர்மெய் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் கொம்பு இல்லாமல் பச்சைக் கால் மட்டும் வந்தால் 'ஆ' என்று நீட்ட வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் ஒரு வரிசையே ஒரே மூச்சில் வந்துவிடும். ணா, றா, னா மூன்றுக்கும் முன்பு தனி வடிவங்கள் இருந்தன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அவற்றுக்கும் சாதாரணக் கால்தான், அதனால் பதினெட்டு மெய்க்கும் இந்தப் பச்சை பொருந்தும். தாத்தா பாட்டி பழைய வடிவத்தில் எழுதிக் காட்டினால் தடுக்க வேண்டாம், ஆனால் கலர் அடிக்கிற தாளில் புதிய வடிவம் மட்டும் இருக்கட்டும்.

கோட்டுக்கு வெளியே போகிறது என்று மூன்று வயதுப் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். அந்த வயதில் போகத்தான் செய்யும், கண் எழுத்தின் மேல் இருந்தால் போதும். இடது கையால் அடித்தால் அப்படியே விடுங்கள், கையை மாற்றச் சொல்ல வேண்டாம்.

உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் இந்தக் கலர் கணக்கு எடுபடாது. கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது, பிரித்துக் காட்ட பொதுவான குறி கிடையாது. அந்த 36 எழுத்துகளையும் 'ட' கொடுத்தது போலவே ஒவ்வொன்றாக, பெரிதாக, தனித்தாளில் கொடுங்கள். அவசரமே வேண்டாம், ஒன்றாம் வகுப்பு வரைக்கும் நேரம் இருக்கிறது.