தைலமரக் காட்டிலிருந்து அடுப்படிக்கு

இலுப்பூருக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய ஓர் ஏக்கர், நெடுங்காலம் தைலமரம் நின்ற நிலம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படிப்பட்ட நிலத்துக்குக் குறைவில்லை. மரம் வெட்டிப் போன பிறகும் தூர்கள் உயிரோடு இருந்தன. ஒரு மழை பெய்தால் போதும், துளிர்த்துக்கொண்டு நின்றன. இயந்திரம் வைத்து அவற்றைப் பெயர்த்தெடுத்த அன்று செம்மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தேன். பிடித்தால் பிடி நிற்கவில்லை. மண்புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்த மண்ணிலிருந்துதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு வர வேண்டும் என்று முடிவுசெய்து திருச்சியிலிருந்து குடிபெயர்ந்தோம். என் கணவர் இன்னும் பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறார். தோட்டம் என் பொறுப்பு. இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த முடிவுக்கு என்னைத் தள்ளியது கத்தரிக்காய். கத்தரி விளையும் ஊரில் பிறந்தவள் நான். தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் அந்தப் பயிருக்கு எமன். முட்டையிலிருந்து வெளிவந்ததும் புழு பிஞ்சுக்குள் புகுந்துகொள்ளும். புகுந்த இடம் மூடிக்கொள்ளும். சந்தையில் நாம் பார்த்து ஒதுக்குகிற ஓட்டை, அது தின்று முடித்து வெளியேறிய வழி. உள்ளே இருக்கிற புழுவை மருந்து எட்டாது. அதனால்தான் விவசாயி மறுபடி மறுபடி அடிக்கிறார், பறிப்புக்கு முந்தின நாள்கூட அடிக்கிறார். காய்கறிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து, தடைக்குப் பிறகும் கத்தரித் தோட்டத்தில் அடிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு புழுவுக்காகவே மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை உருவாக்கினார்கள், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. அடிக்கிறவர்மேல் எனக்குக் கோபமில்லை. புழு விழுந்த காயை எந்த வியாபாரியும் எடுப்பதில்லை, கடன் மட்டும் நிற்கிறது. ஆனால் என் பிள்ளைகளின் தட்டில் அந்தக் காயை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வந்ததும் காய் போடவில்லை. முதலில் மண்ணுக்குச் சாப்பாடு. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிப் பரப்பியவற்றில் ஒன்று பலதானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் உரச்செடி என ஐந்து வகையிலும் நான்கு நான்கு விதையாகக் கலந்து, ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் போகாமல் விதைத்து, பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. நாங்கள் போட்ட கலவையில் கம்பு, சோளம், தட்டைப்பயறு, கொள்ளு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, கடுகு, வெந்தயம், தக்கைப்பூண்டு, சணப்பு எல்லாம் இருந்தன. கடுகும் வெந்தயமும் அந்தச் சூட்டில் சரியாக எழவில்லை. தட்டைப்பயறு மட்டும் தழைத்துக்கொண்டு நின்றது. ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் இருந்த முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு நிறம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வைக்கிற வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெளுத்தோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை என்று பொருள். உரக்கடைப் பக்கம் போகாமலேயே எங்கள் நிலத்தில் உரம் உருவாவதைக் கண்ணால் பார்த்த நாள் அது. பூ வந்ததும் உழுதுவிட்டு, அடுத்த மழைக்கு மறுபடியும் அதே விதைப்பு.

கூடவே ஜீவாமிர்தம், மண்ணுக்கு விடுகிற ஊட்டக் கரைசல். 200 லிட்டர் தண்ணீரில் நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 லிட்டருக்குக் குறையாமல், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பிலிருந்து ஒரு பிடி மண். இரண்டு நாள் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும், ஒரு வாரத்துக்குள் பாசனத் தண்ணீரோடு விட்டுவிட வேண்டும். எங்களிடம் மாடு இல்லை. பக்கத்துக் கொல்லை அப்பத்தா சாணத்தை இலவசமாகத் தருகிறார். பதிலுக்கு அவருடைய மாட்டுக்கு எங்கள் சோளத்தட்டை போகிறது.

இப்போது மண்ணைப் பிடித்தால் பிடி நிற்கிறது. மண்ணை மூடியிருக்கும் தழை மூடாக்கை விலக்கினால் மண்புழு நெளிகிறது.

ஆடிப்பட்டத்துக்குக் கத்தரி நட்டோம். மருந்து இல்லாமல் கத்தரி எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வீட்டுக்குப் போதுமான அளவு எடுக்க முடியும், ஆனால் காலையில் ஒவ்வொரு செடியாகப் பார்க்க வேண்டும். நுனிக்குருத்து வாடித் தொங்கினால் அது தண்ணீர்க் குறைவால் வந்ததில்லை. அந்தக் குருத்தைக் கிள்ளிப் பிளந்தால் வெளிர் சிவப்பில் ஒரு புழு சுருண்டு கிடக்கும். காய் வருவதற்கு முன்பே குருத்தில் இருக்கிற புழுக்களை ஒழித்துவிட்டால், பிறகு காயில் தாக்குதல் குறைகிறது. ஆண் அந்துப்பூச்சிகளைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறோம். வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதொடை என மாடு தின்னாத தழைகளை ஊறவைத்த கரைசலையும் தெளிக்கிறோம். அப்படியும் சொத்தை வரத்தான் செய்கிறது. வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதியைக் குழம்பில் போடுகிறேன். சந்தைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் இது முடிகிறது. இதை முழுநேர விவசாயியிடம் போய் அறிவுரையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

எங்கள் சாப்பாட்டை உண்மையில் மாற்றியது கத்தரி இல்லை. நாங்கள் விதைக்காத கீரைகள். பலதானியத்தை மடக்கி உழுத பிறகு பெய்த முதல் மழைக்கு, பாத்தி முழுக்கப் பச்சை. களை எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அப்பத்தா வரப்பிலேயே உட்கார்ந்து மடி நிறையக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"விதைத்தது வரும்போது வரட்டும் ஆத்தா, முளைத்ததை முதலில் பறி" என்றார்.

பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, மணத்தக்காளி, முடக்கத்தான் என்று ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, கசக்கி முகரச் சொல்லி அடையாளம் காட்டினார். சாரணையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு மண்சட்டியில் வேகவைத்து, புளி கொஞ்சமாக விட்டு மத்தால் கடைந்தால் கலவைக்கீரை. திருச்சியில் ஒரே கீரைக்கட்டை வாரம் ஒருமுறை வாங்கிக்கொண்டிருந்தோம். இங்கே மழைக்காலத்தில் கீரை இல்லாத நாள் இல்லை.

அவரைக்கொடி எனக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தது. ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை பந்தல் முழுக்கப் படர்ந்து, புரட்டாசி வந்தும் ஐப்பசி வந்தும் ஒரு பூகூட எடுக்கவில்லை. என்ன குறை என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "பனி இறங்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பகல் குறைந்தால்தான் நாட்டு அவரை பூக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் அது நாளைப் பார்த்துத்தான் பூவெடுக்கும். கார்த்திகைக் கடைசியில் ஊதாப்பூ கொத்துக் கொத்தாக வந்தது. பின்னாலேயே கருப்பு அசுவினிப் பூச்சியும் வந்தது. விடியற்காலையில் இலைமேல் பனி இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டால் ஒட்டிக்கொள்கிறது, அசுவினி குறைகிறது. இப்போது எங்கள் வீட்டில் அவரைப் பொரியல், அவரைக் குழம்பு, மறுபடி அவரைப் பொரியல். பங்குனி வெயில் ஏறினால் அதுவும் நின்றுவிடும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் ஆகியவற்றை எங்கள் அடுப்படி மறந்துவிட்டது. அவை ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு உரியவை. எங்கள் செம்மண்ணை அவற்றுக்காக வருத்துவதில் நியாயமில்லை. அந்த இடத்தைத் தட்டைக்காயும் கொத்தவரையும் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டன. ஆரோக்கியமான உணவு வேண்டும் என்று நிலத்துக்கு வருபவர்கள், நாக்கையும் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத் தயாராக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மயில்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விராலிமலை பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே முருகனின் வாகனமாகக் கும்பிடுகிற மயில், இங்கே நாற்றையும் நிலக்கடலைப் பிஞ்சையும் தின்றுவிட்டுப் போகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இல்லாவிட்டாலும் அதைத் துன்புறுத்த எனக்கு மனமில்லை. நாற்றங்கால்மேல் பழைய மீன்வலை, கடலைக் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகள். ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

கோழி வளர்ப்பும் தொடங்கிவிட்டது, சிறுவிடை என்ற நாட்டுக் கோழிகள். குஞ்சுத் தீவனத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதையும் அப்பத்தாதான் காட்டினார். உடைந்த பானையில் ஈரச் சாணம், கிழிந்த சாக்கு, தென்னைமட்டை நாரைத் திணித்து, கறையான் புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெளேரென்று கறையான் மொய்த்துக் கிடக்கும். குஞ்சுகள் ஓடிவந்து கொத்துகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். தைலமரத் தூரைத் தின்று பெருத்த கறையான், எங்கள் வீட்டு முட்டையாக மாறுகிறது.

எல்லாவற்றையும் நாங்களே விளைவிப்பதில்லை. நெல்லுக்கு இங்கே தண்ணீர் இல்லை. இயற்கை முறையில் பயிரிடும் ஒரு குடும்பத்திடமிருந்து தூயமல்லி அரிசி வாங்குகிறோம். பால் அப்பத்தா வீட்டிலிருந்து வருகிறது. எண்ணெய்க்கு எங்கள் கடலையைச் செக்குக்கு எடுத்துப் போகிறோம். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கிடைக்கிறது, வருடம் முழுவதற்கும் போதாது. வீட்டுச் செலவு இன்னமும் என் கணவரின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. வேலையை விட்டுவிட்டு நிலத்துக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்கு, ஒருவர் சம்பளமாவது இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது தைப்பட்டம். வெண்டையும் கொத்தவரையும் எப்போதும்போல. புதிதாகப் பத்து சென்டில் கேழ்வரகு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம் அது. வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் தெரியவில்லை. கத்தரியில் நல்ல செடியாகப் பார்த்து நூல் கட்டி, காய்களைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விட்டிருக்கிறேன். பிசைந்து தண்ணீரில் அலசி, அடியில் தங்குகிற விதையை மட்டும் எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைக்க வேண்டும். கேழ்வரகு நாற்றங்காலுக்குப் பாத்தி கட்டியாகிவிட்டது. மீன்வலை இன்னொன்று தேவைப்படும்.