தம்முடையார்

கோனேரிராஜபுரத்துக்குப் போனது உண்மையில் நடராஜரைப் பார்க்கத்தான். அவ்வளவு பெரிய செப்புத்திருமேனி, எல்லாரும் அதற்குத்தான் போகிறார்கள். கும்பகோணம் காரைக்கால் சாலையில் எஸ்.புதூர் போய் உள்ளே திரும்ப வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்துகிற நேரம், குருக்கள் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். நடராஜரைப் பார்த்தாயிற்று, அம்மா வைத்தியநாதர் சன்னதிக்குப் போனார், நான் வெளியே வந்து கருவறையின் தென்சுவரில் சோழ அரசி செம்பியன் மாதேவி வைத்த அந்தச் சிற்பத்தைத் தேட ஆரம்பித்தேன்.

சின்னச் சிற்பம். தெரியாதவர்கள் அப்படியே கடந்து போய்விடுவார்கள். ஒரு லிங்கம், அதன் எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அரசர். கூடவே கல்வெட்டு. செம்பியன் மாதேவியார் தம்முடைய திருமகனார் உத்தமசோழர் ஆட்சி செய்துகொண்டிருக்கும்போது, 'தம்முடையார்', அதாவது தம் கணவர், கண்டராதித்த தேவர் பெயரால் திருநல்லத்து (இந்த ஊரின் பழைய பெயர்) இறைவனுக்கு இந்தக் கற்றளியை, கல் கோயிலை, எடுப்பித்தார் என்று தொடங்கி, கடைசியில் இப்படி முடிகிறது: "திருநல்லமுடையாரைத் திருவடித் தொழுகின்றாராக எழுந்தருளுவித்த ஸ்ரீகண்டராதித்த தேவர் இவர்."

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். இவர். கையை நீட்டிக் காட்டுகிற மாதிரி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டில் பெரும்பாலும் நிலம், நெல், ஆடு, விளக்குக்கான நெய்க் கணக்குதான் இருக்கும், அதில் இப்படி ஒரு பெண் தன் வீட்டுக்காரரை நமக்கு அறிமுகம் செய்து வைப்பதைப் படிக்கும்போது கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். தம்முடையார் என்ற சொல்லும் அப்படித்தான், பட்டம் இல்லை, அரசர் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி இல்லை.

இதில் கண்டராதித்தர் ஆட்சி முடிந்தது 957 வாக்கில். கல்வெட்டு உத்தமசோழர் காலத்தது, அதாவது 970க்கும் பிறகு. அரசர் மறைந்து பத்து வருஷத்துக்கும் மேல் ஆன பிறகுதான் அவரைச் சுவரில் தொழ வைத்திருக்கிறார். கண்டராதித்தரே பெரிய பக்தர், தில்லை மேல் அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவரை 'மேற்கெழுந்தருளிய தேவர்' என்று கல்வெட்டுகள் சொல்கின்றன, அது மரணத்தைக் குறிக்கிறதா, யாத்திரையா, துறவா என்று ஆளுக்கொரு விளக்கம் உண்டு. எதுவாக இருந்தாலும் அவர் போனபோது மகன் சிறுவன், அதனால் ஆட்சி தம்பி அரிஞ்சயன் வழிக்குப் போய், அரிஞ்சயன் மகன் சுந்தரசோழரிடம் நிலைத்தது.

அப்புறம் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே. சுந்தரசோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், பாண்டியன் தலைகொண்டவன் என்று பெயர் எடுத்தவன், கொல்லப்படுகிறான். அதற்கடுத்து அரியணை ஏறுவது அவன் தம்பி அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) இல்லை, செம்பியன் மாதேவியின் மகன் உத்தமசோழர். மக்கள் அருள்மொழியை அரசனாகச் சொல்லியும், சிற்றப்பாவுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் இருந்துவிட்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும். பெருந்தன்மை என்று படிக்கலாம். அந்த வரியை இன்னொரு முறை படித்தால் உள்ளே கொஞ்சம் உறுத்தவும் செய்யும்.

கொலையாளிகளின் பெயர் வருவது உடையார்குடிக் கல்வெட்டில். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று வரிசையாக. அவர்கள், உறவினர்கள் எல்லாருடைய சொத்தும் போன கதை அதில் இருக்கிறது. அது ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு, 987 வாக்கில். இடையில் உத்தமசோழர் 985 வரை ஆண்டிருக்கிறார், பதினைந்து வருஷம், அத்தனை வருஷமும் இந்த விவகாரம் ஏன் கிடப்பில் இருந்தது என்ற கேள்வியை வைத்துத்தான் அவர்மேல் சந்தேகப்பட்டவர்கள் சந்தேகப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியே அந்தப் பக்கம் சாய்ந்தவர்தான். பின்னால் வந்தவர்கள் பலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது போதுமான சாட்சி இல்லை என்றுதான் படுகிறது. உத்தமசோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் கணக்குகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்திருக்கிறான், அண்ணனைக் கொன்றவன் மகன் என்று ராஜராஜன் நினைத்திருந்தால் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருப்பானா?

சரி, நான் சொல்ல வந்தது அது இல்லை. இந்தச் சந்தேகம் இன்றைக்கு நமக்கு வருகிறதென்றால் அன்றைக்கு அரண்மனையில் இருந்தவர்களுக்கு வராமலா இருந்திருக்கும்? மகன் அரியணையில், அந்த அரியணைக்குப் பக்கத்தில் ஒரு பிணம். கொல்லப்பட்டவன் தன் கையால் வளர்த்திருக்கக்கூடிய பேரப்பிள்ளை முறை. அவனுடைய தம்பியும் சகோதரி குந்தவையும் அதே குடும்பத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அம்மா வானவன் மாதேவி கணவரோடு தீயில் இறங்கியவர், "முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்" என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அவரைப் பாடுகிறது. பால்குடி மாறாத குழந்தையை விட்டுப் போனவருக்குக் கிடைத்த புகழ் இது. செம்பியன் மாதேவி சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு தீயில் இறங்காமல் உயிரோடு இருந்தவர். அதை யாரும் பாட்டாகப் பாடவில்லை.

இந்த நிலையில் ஒரு அம்மா சாமி முன்னால் நின்று என்ன கேட்டிருப்பார்? என் பிள்ளை செய்திருக்கக் கூடாது என்றா, செய்திருந்தால் மன்னித்துவிடு என்றா, அவனை யாரும் எதுவும் செய்துவிடக் கூடாது என்றா? அவரைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் ஒன்று உருகி உருகிச் சிவநாமம் சொல்லும் வெள்ளைப்புடவைப் பாட்டியாக்கிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் சூழ்ச்சிக்காரியாக்கிவிடுகிறார்கள். 941இல் உய்யக்கொண்டான் திருமலையில் விளக்கு வைத்ததிலிருந்து 1001 வரை அவர் பெயர் கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது, அறுபது வருஷம். எத்தனை அரசர்கள், எத்தனை சாவு. அவ்வளவு எழுத்திலும் மனசைத் திறந்து ஒரு வரி கிடையாது, கொடுத்த பொன்னும் நெல்லும்தான். இந்தத் தென்சுவர் மட்டும் விதிவிலக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. தான் கும்பிடவேண்டியதைத் தன் கணவரைக் கொண்டு கும்பிட வைத்திருக்கிறார் என்று நான் படித்துக்கொள்கிறேன், வரலாற்றுக்காரர்கள் திட்டினால் திட்டட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருக்கோடிக்காவில் பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் கட்டியபோது, அதிலிருந்த பழைய கல்வெட்டுகளை வீசிவிடாமல் படி எடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தார். இது ஒரு பழங்கற்படி என்று குறிப்பும் உண்டு. யாரோ எப்போதோ ஒரு விளக்குக்குக் கொடுத்த தானம், அதுகூட அழியக்கூடாது என்று நினைத்த மனுஷி.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சிற்பத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"இவரு சரி. கட்டினவ எங்கே?"

கல்வெட்டில் பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டினேன்.

"பேரு மட்டும்தானா?"

ஆடுதுறைக் கோயிலில் அரசி ஒருத்தி லிங்கத்தைக் கும்பிடுகிற சிற்பம் இருக்கிறது, அது இவர்தான் என்று சொல்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் அங்கே போகலாம் என்று உடனே கிளம்பிவிட்டார். மணி பன்னிரண்டரை. அங்கேயும் நடை சாத்தியிருப்பார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, வாசலில் உட்கார்ந்திருப்போம் என்றார்.