நீலம் 28 அடி, கலர் நீளம்

“வெள்ளம் விற்பனைக்கு. நீலம் 28 அடி. கலர் நீளம். அநியாயத்துல புது பலகை போட்டுருக்கு. விலை குரைக்கப்படும்.”

இது எங்க மாமா போன வருசம் ஏப்ரல் மாசம் வாட்ஸ்அப் குரூப்ல போட்ட விளம்பரம். மாமா 13 வயசுல கடலுக்குப் போனவரு, இப்ப 61 ஆவுது, முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு இனிமே வள்ளத்துல, அதாவது படகுல, நின்னு வலை இழுக்கக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, சரி வித்துருவோம்னு முடிவு பண்ணி யார்ட்டயும் ஒரு வார்த்த கேக்காம ஃபோன எடுத்து தானே உக்காந்து அடிச்சுப் போட்டுட்டாரு. வள்ளம் வெள்ளமாயிருச்சு, நீளம் நீலமாயிருச்சு, நீலம் நீளமாயிருச்சு, விலை வாசல்ல நின்னு குரைக்க ஆரம்பிச்சிருச்சு.

நான் பஸ்ல போய்ட்டிருக்கும்போது பாத்தேன், சிரிப்ப அடக்க முடியாம பக்கத்துல இருந்த அக்காகிட்டயும் காட்டி, அவங்களும் சேந்து சிரிச்சு, எறங்குற வரைக்கும் ரெண்டு பேரும் “கலர் நீளம், கலர் நீளம்”னு சொல்லிட்டே வந்தோம். குரூப்ல அதுக்குள்ள ஒருத்தர் பதில் போட்டுட்டாரு. “அண்ணாச்சி, வெள்ளம் எங்க வீட்டுக்குள்ளயே இடுப்பளவு கெடந்துச்சே, அப்ப வந்து எடுத்துட்டுப் போயிருக்கலாம்லா”. அவரு சொன்னது 2023 டிசம்பர் வெள்ளத்த, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழ கொட்டுச்சே அந்த வெள்ளம். மாமா அதுக்கு ரெண்டே வரில பதில் போட்டாரு. “வந்தேம்லா. ஏரலுக்கு லாரில ஏத்திக் கொண்டு வந்தேன்.” நெசந்தான், இதே நீலக் கலர் வள்ளத்ததான் லாரில ஏத்திக் கொண்டு போயி ஏரல் பக்கம் மாடில மாட்டிக்கிட்டவங்கள எறக்குனாங்க. அந்தப் பதிலுக்கு கீழ கும்புடு கும்புடா வந்து விழுந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போயி பக்கத்துல உக்காந்து எப்டி அடிச்சீங்கன்னு கேட்டேன். அவரு தமிழ் எழுத்துல அடிக்கல, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறுமே அதுல அடிச்சிருக்காரு. அதுல என்ன சங்கடம்னா நமக்கு ல, ள, ழ மூணு இருக்கு, அவன்கிட்ட எல் ஒண்ணுதான். ர, ற ரெண்டுக்கும் ஆர் ஒண்ணு. ந, ன, ண மூணுக்கும் என் ஒண்ணு. நீளம்னு அடிச்சா ஃபோன் மொதல்ல நீலத்தத்தான் நீட்டுது, தட்டிட்டுப் போயிர்றோம். அடுத்து கலர் சொல்ல வரும்போது “ஒருக்கா அத தட்டிட்டமே, இப்ப அடுத்தத தட்டுவோம்”னு மாமா ரெண்டாவதா இருக்குறத தட்டிருக்காரு. யோசிச்சுத்தான் தட்டிருக்காரு மனுசன்!

அநியாயத்துக்கு வருவோம். மாமா அடிச்சது அணியம். வள்ளத்தோட முன்பக்கத்துக்கு அணியம்னு பேரு, பின்பக்கம் அமரம். கடக்கரைல அஞ்சு வயசுப் புள்ளைக்குக் கூட தெரியுற வார்த்த. ஃபோனுக்குத் தெரியல. அதுக்குத் தெரிஞ்ச வார்த்தைகள்ல கிட்டத்துல இருந்தது அநியாயம், அத எடுத்து வச்சிருச்சு. என் கண்ணு முன்னாடியே மாமா நாலு தடவ அணியம்னு அடிச்சாரு, நாலு தடவையும் அநியாயம்னே வந்துச்சு, அஞ்சாவது தடவ ஃபோன கட்டில்ல வச்சிட்டு “இது என்ன மருமவளே, நா சொன்னா கேக்கவே மாட்டங்கு”ன்னாரு. சிரிப்பு வந்தாலும் எனக்கு உள்ள ஒரு மாதிரி சுருக்குன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் பழைய படகு விளம்பரம் வர்ற குரூப்பா தேடித் தேடி சேந்துட்டேன். ராமேஸ்வரம், நாகப்பட்டினம், காசிமேடு, கன்னியாகுமரி பக்கம்னு ஏழெட்டு குரூப் இருக்கும். மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகெல்லாம் கரைல நிக்கும்போது வேலை பாக்குறது, பெயின்ட் அடிக்கிறது, விக்கிறது வாங்குறதுன்னு பேச்சு நெறைய நடக்கும், அப்ப குரூப்பத் தொறந்தா போதும், காலைல காபி குடிக்கவே முடியாது, பொரையேறிரும்.

“வல்லம் விற்பனைக்கு, 4 லட்சம்”னு ஒருத்தர் போட்டுருந்தாரு. தஞ்சாவூர் பக்கத்துல இருக்குற வல்லத்தையேவா விக்கிறீங்கன்னு ஒருத்தரு கேக்க, இன்னொருத்தரு “பஸ் ஸ்டாண்டு சேத்தா?”ன்னு கேட்டாரு. “நண்டு வளை 20 துண்டு, ஈயம் கட்டியது” அப்டின்னு ஒண்ணு. நண்டு வலைக்குப் பதிலா நண்டு வளை, அதாவது நண்டு மணல்ல தோண்டி வச்சிருக்குற பொந்து. இருவது பொந்தையும் தோண்டி எடுத்து ஈயம் கட்டி சாக்குல போட்டு வச்சிருக்காரு போல. சாளை வலைய “சாலை வலை”ன்னு போட்டா ரோட்டுல விரிக்கணும். “படகு கறையில் உள்ளது, நேரில் வந்து பார்க்கலாம்”னு ஒருத்தரு, கரைல நிக்குற படகு கறைல நிக்குது. “மறம் நல்ல மறம்”னு போட்டவரு வேப்பமரத்த சொல்லிருக்காரு, எனக்கு அத படிச்சதும் பழைய போர்க்களத்துப் பாட்டெல்லாம் ஞாபகம் வந்துச்சு, வீரத்துல செஞ்ச படகுன்னா அது அப்டித்தானே இருக்கும்.

மரப்படகுக்கு அடியில நீளவாக்குல ஓடுற முதுகெலும்பு மாதிரி கட்டைக்கு ஏரான்னு பேரு. “ஏரா மாத்தி ஒரு வருசம்”னு எழுத வந்தவருக்கு ஃபோன் “ஏராளம் மாத்தி ஒரு வருசம்”னு குடுத்துருச்சு. ஏராளமா மாத்துனா பழைய படகே இல்லியே அதுன்னு ஒருத்தர் நெசமாவே சந்தேகம் கேட்டுருந்தாரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது ரெண்டு. ஒண்ணு, “பேப்பர் போட் விற்பனைக்கு, பேப்பர் எல்லாம் கிளியர்”. ஃபைபர் போட்ட சொல்ல வந்து பேப்பராயிருச்சு, ரெண்டாவது பேப்பர் சரிதான், ரெஜிஸ்ட்ரேசன் பேப்பர சொல்றாரு, மொதப் பேப்பர்தான் கப்பல் செஞ்சு மழத்தண்ணில விடுற பேப்பர். சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில கட்டுமரம் கொறஞ்சு ஃபைபர் போட் எவ்வளவு பெருகிருச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், நிவாரணமா குடுத்ததே அதுதான் ஜாஸ்தி, அப்ப இந்த வார்த்த ஒரு நாளைக்கு எத்தன வாட்டி அடிக்க வேண்டியிருக்கும், இன்னும் ஃபோன் பேப்பர்லயே நிக்குது.

இன்னொண்ணு, “லம்போர்கினி எஞ்சின், லாங் டெயில், கண்டிசன் சூப்பர்”. நம்ம ஃபைபர் போட்டுல பின்னாடி நீள வால் மாதிரி தண்டு நீட்டிட்டு இருக்குமே டீசல் எஞ்சின், அதுல லம்பார்டினி எஞ்சினும் உண்டு. இத்தாலிக் கம்பெனி, 1933ல ஆரம்பிச்சது, இங்க கிரீவ்ஸ் கம்பெனிக்காரங்க அந்தப் பேர்ல செஞ்சு வித்தாங்க. லம்போர்கினியும் இத்தாலிதான், ஆனா அது கோடி ரூவா காரு. விளம்பரத்துல இது ரெண்டும் அடிக்கடி மாறிக்குது, எஞ்சின் மட்டும் 40 ஆயிரத்துக்கு லம்போர்கினி கெடைக்குற ஒரே எடம் நம்ம கரைதான். இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு, அந்த லம்போர்கினிக்காரங்க கார் செய்றதுக்கு முன்னாடி டிராக்டர் செஞ்சவங்க, ரேஸ் படகுக்கு எஞ்சினும் செஞ்சிருக்காங்க. அதனால அந்த விளம்பரம் முழுசா தப்புன்னும் சொல்லிர முடியாது.

நான் யோசிச்சுப் பாக்குறது இதத்தான். ஃபோனுக்கு லம்போர்கினி தெரியுது. அணியம் தெரியல. அநியாயம் தெரியுது, அமரம் தெரியல, ஏரா தெரியல, பலகை இடுக்குல பஞ்ச வச்சு அடைக்கிற கலப்பத்து வேலை தெரியல. வாடை, கொண்டல், கச்சான்னு காத்துக்கு இருக்குற பேரு தெரியல, சோழக்காத்துன்னு அடிச்சா சோளமா மாத்தி வைக்குது. இந்த வார்த்தையெல்லாம் எந்நேரமும் புழங்குறவங்க கையில ஃபோன குடுத்துட்டு, அவங்க வாயில வர்ற வார்த்தைய அதுக்குள்ள வைக்காம விட்டுருக்காங்க. கட்டுமரம்ங்கற நம்ம வார்த்த கடல் தாண்டிப் போயி கேட்டமரான் ஆச்சு, வில்லியம் டாம்பியர்ங்கற இங்கிலீஷ்காரரு 1697லயே தன்னோட பயணப் புஸ்தகத்துல எழுதிட்டாரு. இப்ப அந்த வார்த்தைய அவங்க ரெண்டு ஒடம்பு இருக்குற சொகுசுப் படகுக்கு வச்சிருக்காங்க, நாலஞ்சு கட்டைய கயித்தால சேத்துக் கட்டுற நம்ம மரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவங்க ஊர் விளம்பரத்துலயும் பாய்மரப் படக செயில் (பாய்) போட்னு எழுதாம சேல் (விற்பனை) போட்னு எழுதுறவங்க உண்டு, கேக்க ஒரே மாதிரி இருக்குல்ல, எந்த ஊருன்னாலும் காது சொல்றதத்தான் கை எழுதும்.

காது சொல்றதுன்னதும் இன்னொண்ணு சொல்லணும். கொஞ்ச நாள் படிச்சதுக்கப்புறம் பிழைய வச்சே ஊரு சொல்ல எனக்குப் பழகிருச்சு. “பளைய வள்ளம்”னு வந்தா அது நம்ம தெக்குப் பக்கம், இங்க ழ வாய்ல ள ஆயிரும், வாளப்பளம்னுதான சொல்றோம். மெட்ராஸ் பக்கத்து ஆளு எழுதுனா அந்த எடத்துல ய வந்து நிக்கும். நம்பர் பாக்காம, பேரு பாக்காம, அந்த ஒரு எழுத்துல அந்தாளு கொரல் கேக்கும் எனக்கு.

அதனாலதான் ஒரு விசயத்துல எனக்குக் கோவம் வரும். இந்த விளம்பரத்தயெல்லாம் ஸ்கிரீன்சாட் எடுத்து, ஃபோன் நம்பரக் கூட மறைக்காம, “தமிழே தெரியாத தமிழன்”னு தலைப்பு போட்டு சுத்த விடுறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த நட்சத்திரம் எங்க நிக்கும், எந்த நீவாட்டுல, அதாவது கடல் நீரோட்டத்துல, வலை போவும்னு தெரிஞ்ச மனுசனுக்கு முகம் தெரியாத பசங்க போன் போட்டு “வெள்ளம் என்ன வெல”ன்னு கேட்டு வச்சிர்றானுங்க. வள்ளத்த விக்கிறது அவங்களுக்கு மாட்ட விக்கிற மாதிரி, வீட்ட விக்கிற மாதிரி, அந்த நேரத்துல அப்டி ஒரு போன் வந்தா எப்டி இருக்கும். சேந்து சிரிக்கிறதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்.

சில பிழை சிரிக்கிற பிழையே இல்ல, காசு போற பிழை. படகு ரெஜிஸ்ட்ரேசன் நம்பர்ல எம்எம்னு இருந்தா விசைப்படகு, எம்ஓன்னு இருந்தா மோட்டார் வச்ச நாட்டுப்படகு, அந்த ஒரு எழுத்து மாறுனா வாங்க வர்றவங்க வேற எதையோ நெனச்சு 200 கிலோமீட்டர் வண்டி புடிச்சு வந்து பாத்துட்டு திட்டிட்டுப் போவாங்க. எங்க தெரு அண்ணன் ஒருத்தரு 1,80,000க்கு ஒரு சைபர விட்டுட்டு 18,000ன்னு போட்டு, ஒரே நாள்ல 60 போனுக்கு மேல வந்து, கடைசில சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு படுத்துட்டாரு.

மாமா விளம்பரத்த நானும் அவரும் சேந்து திருப்பி எழுதுனோம். நீளம், அகலம், உள் ஆழம், எந்த வருசம் எறக்குனது, எஞ்சின் எத்தன மணி நேரம் ஓடிருக்கு, வலை சேத்தா சேக்காமலா, ரெஜிஸ்ட்ரேசன் யாரு பேர்ல இருக்கு, எல்லாம் போட்டோம். அதோட அவரு ஃபோன் கீபோர்டு செட்டிங்ல சொந்த வார்த்த சேக்குற எடம் ஒண்ணு இருக்கு, அதுல உக்காந்து மாமா சொல்லச் சொல்ல 37 வார்த்த ஏத்திக் குடுத்தேன். அணியம்தான் மொதல்ல. அடிச்சுப் பாத்தாரு, அணியம்னே வந்துச்சு. “இப்ப சொன்னா கேக்குது பாத்தியா”ன்னு அத்தைகிட்ட கொண்டு போயி காட்டுனாரு.

ஃபோட்டோ எடுக்கப் போனப்பதான் வள்ளத்துல எழுதிருந்த பேர நல்லாப் பாத்தேன். பனிமய மாதா துணைன்னு இருக்கணும், பெயின்டர் “பணிமய மாதா துணை”ன்னு எழுதிருக்காரு. மூணு சுழி ணி. பனி நெறஞ்ச மாதா வேலை நெறஞ்ச மாதாவாயிட்டாங்க. மாமா இது தெரியாதான்னு கேட்டேன். “எழுதுன அன்னைக்கே தெரியும், சாமியாரும் சொன்னாரு, இத்தன பேர கடல்ல வச்சுப் பாத்துக்கிறதுக்கு அவளுக்கு வேல கொஞ்சமாவா இருக்குன்னு நாந்தான் அப்டியே விடச் சொன்னேன்”ன்னாரு.

மே மாசக் கடைசில வள்ளம் வித்துச்சு. வாங்குனது புன்னைக்காயல் பையன், 26 வயசுதான் இருக்கும், அணியத்த ரெண்டு தடவ தட்டிப் பாத்துட்டு வேற எதுவும் பேரம் பேசல. ஆகஸ்ட் அஞ்சு மாதா திருநாளுக்கு மறுநாள் மாமாவுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பிருந்தான். வள்ளம் முழுக்க பச்சக் கலர் அடிச்சாச்சு, பேரு மட்டும் வெள்ளப் பெயின்டுல புதுசா எழுதிருக்கு, அதே மூணு சுழி ணி.