எந்தப் பாதி கேட்டது?

வயல் யூரியாவைத் தண்ணீரில் கலக்கி டீசல் வண்டிக்கு ஊத்தலாமா என்று என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த தம்பி ஒருவன் கேட்டான். "நான் ஊத்தச் சொல்ல மாட்டேன்" என்றுதான் சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால், "சில பேர் கலக்கி ஊத்துறாங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன். எந்தப் பாதி அந்தத் தம்பியின் காதில் விழுந்தது என்பது இரண்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

கொள்முதல் நிலையங்களில் நெல் லாரிகள் வரிசை கட்டி நின்ற மாசி மாதம். தலைஞாயிறு பக்கத்துப் பையன், சொந்த பி.எஸ்.6 டீசல் வண்டி. புகையைச் சுத்தம் செய்ய அதில் தனி டேங்கில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். ஆயில் மாற்ற வந்தவன் பேச்சுவாக்கில் கேட்டான்: "அண்ணே, இதுவும் யூரியாதானே? அப்பா வயலுக்கு வாங்கின மூட்டை வீட்ல கிடக்கு." 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மானிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படி தப்பு என்பது வேறு விஷயம். நாங்களே அந்தக் கரைசலை யூரியா என்றுதான் சொல்கிறோம், அவன் கேட்டதில் என்ன தப்பு? எனக்கும் அன்று பின்னால் மூன்று வண்டி நின்றது.

ஏழு மாதம் கழித்து, வண்டி இழுக்கவில்லை என்று வந்தான். யூரியா டேங்க் மூடியைத் திறந்ததுமே வேப்பெண்ணெய் வாசனை. வயல் யூரியா இப்போதெல்லாம் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டேன்: யூரியா 32.5 சதவீதம். அச்சு அசலாகச் சரியான அளவு! தராசில் நிறுத்துக் கலக்கியிருக்கிறான். அந்தக் கருவி செறிவைத்தான் காட்டும், தண்ணீரில் வேறு என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சோடியம், பொட்டாசியம் எல்லாம் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவன் வீட்டு போர் தண்ணீரோ வாயில் வைத்தாலே கரிக்கும்.

புகையைச் சுத்தம் செய்வது புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிஸ்ட். யூரியா கரைசலிலிருந்து பிரியும் அமோனியா வந்து உட்கார அதில் அமிலத் தன்மையுள்ள இடங்கள் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடை ஒழிக்கும் வேலை அங்கேதான் நடக்கும். சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் எழுந்திருக்காது. கந்தகமாவது, சூடேற்றினால் ஓரளவு போகும். இப்போது ஆராய்ச்சியில் கேட்டலிஸ்டில் சல்ஃபேட் ஏற்றிக் கூடுதல் அமில இடங்களைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உப்பு முதலில் அங்கே ஒட்டட்டும், வேலை நடக்கும் இடம் தப்பட்டும் என்று. படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம், ஏழு மாத போர் தண்ணீரை எது தாங்கும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றுவது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

ஜாப் கார்டில் காரணம் எழுத வேண்டும். 'கேட்டலிஸ்ட் செயலிழப்பு' என்று மட்டும் எழுதியிருக்கலாம், அது பொய்யில்லை. 'தரமற்ற யூரியா கரைசல்' என்று எழுதினேன். வாரண்டி போனது. சரியாகத்தான் எழுதினேன். மாசியில் மட்டும் அந்த வாய் ஏன் வழவழவென்று பேசியது?

"அண்ணே, நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லலப்பா."

அவன் மேலே பேசவில்லை. கார்டை மடித்துப் பையில் வைத்தவன், வாசல்வரை போய்த் திரும்பினான். "வீட்ல இன்னும் ரெண்டு கேன் கலக்கி வெச்சிருக்கேன். வயல்ல ஊத்திடலாமாண்ணே?"

அதற்கும் நான் உடனே பதில் சொல்லவில்லை.