கார்டு இருக்கிறது, மயக்க மருந்து டாக்டர் இல்லை

நான் மயக்க மருந்து டாக்டர். மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்து மருத்துவக் கல்லூரியாக மாறிய ஓர் அரசு மருத்துவமனையில் வேலை. நோயாளிகளுக்கு எங்கள் முகம் ஞாபகம் இருக்காது, வீட்டுக்குப் போகும்போது சர்ஜனைத்தான் தேடிப் போய்க் கும்பிடுவார்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் காப்பீட்டுத் திட்டம் விரிய விரிய ஆஸ்பத்திரி எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்பது எங்கள் தியேட்டரில் தெரிவது போல வேறெங்கும் தெரியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காப்பீட்டுக்கு எதிரி இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வருவதற்கு முன்பு, தொடை எலும்பு உடைந்து வரும் ஒரு பாட்டிக்கு பிளேட்டோ ராடோ வைக்க வேண்டுமென்றால் வெளியே வாங்கி வரச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் இருக்கும் தோடோ மூக்குத்தியோ அடகுக்குப் போகும், இல்லையென்றால் காலில் எடையைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள், பாதிப் பேர் பொறுமை இழந்து புத்தூர் கட்டுக்குப் போய்விடுவார்கள். 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுடன் இணைந்தது, அப்புறம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றானது. திட்டத்தில் சேர்வதற்கான ஆண்டு வருமான வரம்பையும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தினார்கள். இன்றைக்கு அந்தப் பாட்டிக்கு உள்ளே வைக்கும் பிளேட், ராடுக்கான காசு கவலை கிடையாது. நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை.

சரி, முன்பு கட்டுப் போட்டு அனுப்பப்பட்டவர்களெல்லாம் இப்போது ஆபரேஷனுக்கு வருகிறார்கள். ஆர்த்தோவில், அதாவது எலும்புப் பிரிவில், சர்ஜன்கள் இருக்கிறார்கள், பி.ஜி. மாணவர்கள் துடிப்பாக இருக்கிறார்கள், டேபிளும் இருக்கிறது. மயக்கம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. காலையில் எலும்பு லிஸ்ட் ஆரம்பித்து இரண்டாவது கேஸ் போய்க்கொண்டிருக்கும்போது பிரசவ வார்டிலிருந்து போன் வரும், குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே சிசேரியன். அதற்குப் போகாமல் இருக்க முடியாது. அது முடிவதற்குள் குடல் ஓட்டையோடு ஒருவர் வந்திருப்பார். மதியத்துக்கு மேல் லிஸ்டில் மிச்சமிருக்கும் ஆட்களை ‘நாளைக்கு’ என்று வார்டுக்குத் திருப்பி அனுப்புவோம். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவர்கள். ‘கார்டெல்லாம் குடுத்துட்டோமே சார், இன்னும் என்ன?’ என்று மகனோ மருமகளோ கேட்பார்கள். அவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று போட்டோ எடுத்து அந்தக் காப்பீட்டுக் கார்டை வாங்கியிருப்பார்கள். அவர்கள் பக்கம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது. அவர்களிடம் போய் டாக்டர் பணியிடக் கணக்கையா சொல்ல முடியும்?

இதற்கு நடுவில் காப்பீட்டு நிறுவனத்திடம் அப்ரூவல் வாங்குவது ஒரு தனி வேலை. எக்ஸ்ரேயில் பெயர் தெளிவாக இல்லை என்று ஒரு க்வெரி, ஆபரேஷனுக்குப் பின் எடுத்த படம் எங்கே என்று இன்னொரு க்வெரி. வார்டில் நோயாளியைப் பார்க்க வேண்டிய ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், போனில் போட்டோ எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ரூமுக்கும் வார்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பான். அரசுப் பணம் என்றால் கணக்கு வேண்டும், புரிகிறது, ஆனால் அந்தக் கணக்கை எழுதும் கையும் டாக்டரின் கைதான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காப்பீட்டால் அரசு ஆஸ்பத்திரிக்கும் பணம் வருகிறது என்பது வெளியே நிறைய பேருக்குத் தெரியாது. நாங்கள் செய்யும் ஆபரேஷனுக்கான தொகை ஆஸ்பத்திரிக் கணக்குக்கு வரும். அதில் உபகரணம் வாங்கலாம், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம், டேட்டா என்ட்ரிக்கு ஒப்பந்தத்தில் ஆள் போடலாம். ஒரு நிரந்தர மயக்க மருந்து டாக்டர் பணியிடத்தை உருவாக்க முடியாது. அதற்கு அரசாணை வர வேண்டும், நிதித் துறை சம்மதிக்க வேண்டும். அதுவும் மருத்துவக் கல்லூரி என்றால் எத்தனை மாணவர் இடங்கள் என்பதை வைத்துத்தான் டாக்டர்களின் எண்ணிக்கை கணக்கிடப்படுகிறது, எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்பதை வைத்து அல்ல. வருமானம் கேஸை வைத்து, ஆள் எண்ணிக்கை சீட்டை வைத்து. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எல்லோரும் சம்பளத்துக்காக என்று நினைத்தார்கள். சம்பளமும் இருந்தது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடம் வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்த கோரிக்கை. போராட்டம் ஒரு வாரத்தில் முடிந்தது, பலருக்கு இடமாறுதல் வந்தது, அந்த உத்தரவுகளை அப்புறம் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பணியிடக் கோரிக்கை அப்படியே கிடக்கிறது.

தமிழ்நாட்டில் டாக்டர்களே இல்லை என்று சொன்னால் அது பொய். 2022 ஜனவரியில் மட்டும் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள் தனியார் ஆஸ்பத்திரிகளில் குறைந்த சம்பளத்துக்கு நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஆள் கிடைக்காதது மயக்கம், கதிரியக்கம், தீவிர சிகிச்சை மாதிரித் துறைகளில்தான், அதுவும் பெரிய நகரங்களைத் தாண்டினால். புதுக் கல்லூரிக்கு ஆய்வு வந்தால் பழைய கல்லூரியிலிருந்து டாக்டர்களைத் தற்காலிகமாக டெபுடேஷனில் அனுப்புவார்கள், அந்த வாரம் பழைய இடத்தில் லிஸ்ட் சுருங்கும். இன்னொன்றும் இருக்கிறது. அதே கார்டு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும், அங்கேயும் மயக்கம் கொடுக்க ஆள் வேண்டும், கேஸுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். டியூட்டி முடிந்த பிறகு நானும் போகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் துறையில் பி.ஜி. முடித்த இளைஞர் ஏன் அரசு வேலையில் நிலைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

இது நம் ஊர் விஷயம் மட்டும் இல்லை. 2006-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. காப்பீடு கிடைத்தவர்களில் பலருக்குப் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் குடும்ப டாக்டர் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது.

நம்மிடம் ஒரு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மயக்க மருந்து நிபுணர் இல்லாத இடங்களில் அவசர சிசேரியன் நின்றுவிடக் கூடாது என்று எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு சில மாதப் பயிற்சி கொடுத்து மயக்கம் கொடுக்க வைக்கும் திட்டம் நாட்டில் இருக்கிறது. அதில் எங்கள் துறைக்குள்ளேயே சண்டை உண்டு, பாதுகாப்பு பற்றி நியாயமான கேள்விகளும் உண்டு. ஆனால் ஆளைத் தயார் செய்வதும் திட்டத்தின் ஒரு பகுதி என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். காப்பீட்டில் அந்த யோசனை இன்னும் வரவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் மாதாந்திர ரிவ்யூ நடக்கும். எந்தத் துறை காப்பீட்டில் எத்தனை க்ளைம் போட்டது, எவ்வளவு தொகை, போன மாதத்தைவிடக் கூடவா குறைவா என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள். தள்ளிப்போன ஆபரேஷன்களும் காரணமும் தியேட்டர் நோட்டில் தினமும் எழுதப்படுகின்றன, அதை யாரும் கேட்பதில்லை. க்ளைம் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘மயக்க மருந்து டாக்டர் இல்லாமல் தள்ளிவைத்தது’ என்று இன்னொரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘பார்க்கலாம் டாக்டர்’ என்றார்கள்.