கறுப்பு ரவிக்கை

எங்கள் வீட்டுக் கூடத்தில் கொள்ளுப்பாட்டியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் 1931 என்று எழுதியிருக்கும். கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது. முன்னால் முடிச்சுப் போட்ட ரவிக்கை, முழங்கை வரை கை, வெள்ளையாக ஒரு புடவை. அதே ரவிக்கையைத் தைத்து நவராத்திரிக்குப் போட்டுக்கொள்வது என்று போன ஆடியிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

பழைய உடை என்றதும் ரவி வர்மா படங்களைப் பாரேன் என்கிறார்கள். பார்க்கலாம்தான். ஆனால் 1894-ல் அவர் அச்சகம் தொடங்கிய பிறகு அந்தப் படங்கள் வீடு வீடாகப் போய்விட்டன, பெண்கள் உடுத்தியதை அவர் வரைந்தாரா, அவர் வரைந்ததைப் பார்த்துப் பெண்கள் உடுத்தினார்களா என்று பிரிப்பது லேசில்லை. எனக்கு வீட்டுப் படமே போதும்.

கோடவுன் தெருவில் காடாத் துணி வாங்கி வந்து முதலில் மாதிரி வெட்டினேன். கை பழகிய தோஷம், இரண்டு பக்கமும் உடம்போடு ஒட்டி நிற்க மடித்துத் தைக்கும் டாட் பிடித்துவிட்டேன். பொருந்தியது, ஆனால் பார்க்க அப்படியே இன்றைய ஜாக்கெட். படத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, டாட்டே கிடையாது, அக்குள் வளைவும் கிடையாது. கையும் உடம்பும் நேர்த்துண்டுகள், மார்புக்குக் கீழே போடும் முடிச்சுதான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறது. அப்படியே வெட்டிப் போட்டால் கையைத் தூக்க முடியவில்லை, கொடியில் துணி போடப் போய் தையலே விட்டுவிட்டது. கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு வைக்க வேண்டும், மூலை மேலே வரும்படி. அப்போது துணி கிராஸாக நின்று கொஞ்சம் இழுபடும், கை தாராளமாக மேலே போகும். நாலு விரல் அகலத் துண்டுதான், வெட்டியதில் மிஞ்சியதிலேயே கிடைத்துவிட்டது.

அப்புறம் நல்ல கறுப்புப் பருத்தி எடுத்து, கையாலேயே ஓட்டித் தைத்து, கொலுவுக்குப் போட்டுக்கொண்டு போய் சின்னப்பாட்டி முன்னால் நின்றேன். கொள்ளுப்பாட்டியின் கடைசி மகள், வயது 84. ஏற இறங்கப் பார்த்தார்.

"தையல் சரிதான்டி. ஆனா புதுசா கல்யாணமான பொண்ணுக்கு எவளாவது கறுப்பு ரவிக்கை தைப்பாளா? அது அரக்குடி. கிழியிற வரைக்கும் அம்மா அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க."

படத்தில் கறுப்பாகத்தானே இருக்கிறது என்று வாதாடிவிட்டு வந்து, ராத்திரி படித்தால் எனக்கே சிரிப்பு. அந்தக் காலத்தில் கேமராவில் போட்டுப் படம் பிடித்த ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாதாம். சிவப்பு ஒளி அவற்றில் பதிவதே இல்லை, அதனால் அரக்கு, குங்கும நிறம் எல்லாம் படத்தில் கறுத்துப் போகும். பழைய படங்களில் பாட்டிகளின் உதடு கருகருவென்று இருப்பதும் இதனால்தான். நீலமோ நேர் எதிர், வெளுத்து வெள்ளையாகவே விழும்.

சரி, கறுப்பை எடுத்து வைத்துவிட்டு அரக்குத் துணி வாங்கி வெட்டியாகிவிட்டது, கக்கத் துண்டு உட்பட. இப்போது புடவைதான் உறுத்துகிறது. அந்த வெள்ளை, வெள்ளைதானா, வெளிர் நீலமா? போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். சின்னப்பாட்டி ரொம்ப நேரம் யோசித்தார். ரவிக்கைதான் ஞாபகம் இருக்கிறதாம், புடவை இல்லையாம்.